காய்ச்சாத பீர்

குழாயைத் திறந்து 40 நிமிடம் ஆகியிருந்தது. கீழே வைத்த பாத்திரத்தில் அரை லிட்டர்கூடச் சேரவில்லை. மேலே, வாளிக்குள், 5 கிலோ தானியமும் 13 லிட்டர் வெந்நீரும் குழைந்த கஞ்சியாகக் கிடந்தன. குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு விழுந்தது. அடுத்த சொட்டைக் காணோம்.

அது நான் முதன்முதலில் சஹ்தி செய்ய முயன்ற நாள். அதற்கு முன் வீட்டில் பத்துப் பதினைந்து முறை சாதாரண பீர் வடித்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக வந்ததால் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. உலகின் மூலைகளில் பண்ணை வீடுகளிலும் சிறு ஊர்களிலும் பிழைத்துக் கிடக்கும் பழைய பீர் வகைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஓராண்டு ஓடிவிட்டது. என் குறிப்பேட்டில் உருப்படியாக வந்தவற்றைவிடப் பாழானவையே அதிகம்; உருப்படியாகக் கற்றதும் அவற்றிலிருந்துதான். (வீட்டில் பீர் வடிப்பது சில நாடுகளில் பொழுதுபோக்கு, சில நாடுகளில் குற்றம். செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும்.)

சஹ்தி ஃபின்லாந்தின் கிராமப்புறத்து பீர். பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ரை என்ற தானியத்தின் மால்ட் கொஞ்சம், ஊசியிலைச் செடியான ஜூனிபரின் கிளைகள், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், அவ்வளவுதான். பீருக்குக் கசப்பைத் தந்து கெடாமலும் காக்கும் ஹாப்ஸ் பூ பெயருக்குத்தான், பலர் போடுவதே இல்லை. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் செய்முறைக்குப் பாரம்பரியச் சிறப்பு என்ற பாதுகாப்பு கொடுத்தது. தமிழில் நாம் பீர் 'காய்ச்சுவது' என்கிறோம். வழக்கமான முறைக்கு அந்தச் சொல் சரியாகவே பொருந்தும்: மால்ட்டை உடைத்து, 65 டிகிரி செல்சியஸ் அளவில் வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியதும் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்போம். சஹ்தியில் அந்தக் கொதிக்கும் கட்டம் கிடையாது. அதாவது, காய்ச்சாத பீர்.

பெரிய உலோக அண்டா வாங்க வசதியில்லாத பண்ணை வீட்டில் இருந்தவை மரத்தொட்டிகள்தான். மரத்தொட்டியை அடுப்பில் ஏற்ற முடியாது. ஆகவே, ஒரு சின்னக் கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் ஊற்றினார்கள். ஆஸ்திரியாவின் கரிந்தியா பகுதிக்காரர்கள் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களை மரத்தொட்டிக்குள் போட்டு ஊறலைச் சூடாக்கினார்கள். கல் பீர் என்றே அதற்குப் பெயர். அதைச் செய்து பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. தவறான கல்லை எடுத்தால் அது வெடித்துச் சிதறும் என்பதால் ஆசையோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் முயற்சியில் நான் செய்த தவறுகள் இரண்டு. ரை போட்டால் மணமும் மொறுமொறுப்பான ஒரு காரமும் வரும் என்று படித்திருந்தேன். கொஞ்சம் போட்டால் நன்றாக இருக்கும் என்றால் நிறையப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கணக்கு. 5 கிலோவில் 2 கிலோ ரை போட்டேன். பார்லிக்கு உமி உண்டு. அந்த உமியே ஊறலின் அடியில் படுகையாகப் படிந்து சாற்றை வடிகட்டிக் கொடுக்கும். ரைக்கு உமி கிடையாது. போதாக்குறைக்கு அதில் பசைத்தன்மை அதிகம். வெந்நீர் பட்டால் கூழாகிவிடும். உமியைக் குறைத்துப் பசையைக் கூட்டிவிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தவறு ஜூனிபரில். செய்முறையில் ஜூனிபர் கிளை என்று பார்த்ததும் அதை நான் வாசனைப் பொருள் என்றே எடுத்துக்கொண்டேன். கிளைகளைத் தண்ணீரில் போட்டுத் தேநீர்போல் வடித்து, அந்த நீரை மட்டும் சேர்த்தேன். கிளைகள் குப்பைக்குப் போயின.

அன்றைக்கு மீதி நேரம் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளக் கரண்டியால் கிளறினேன். இரண்டு நிமிடம் ஓடி மறுபடி நின்றது. ரப்பர் குழாயில் வாய் வைத்து எதிர்ப்பக்கமாக ஊதினேன்; வாளிக்குள் ஒரு பெரிய குமிழி எழுந்து உடைந்தது, அவ்வளவுதான். கடைசியில் கூழைத் துணியில் கட்டி இரண்டு கையாலும் பிழிந்தேன். 6 லிட்டர் கிடைத்தது, சுண்ணாம்பு கலக்கிய நீர் மாதிரி. நொதிக்கவும் செய்தது. ஒரு டம்ளர் குடித்தேன். நாக்கில் மாவும் தொண்டையில் துவர்ப்பும் ஒட்டிக்கொண்டன. மீதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வாளியைக் கழுவினேன்.

பிறகுதான் குர்னா பற்றி ஒழுங்காகப் படித்தேன். குர்னா என்பது ஆஸ்பென் மரத்தடியை நீளவாக்கில் பிளந்து, படகுபோல் குடைந்து செய்த தொட்டி. அடியில் சில குச்சிகளைக் குறுக்கே வைப்பார்கள். அவற்றின்மேல் ஜூனிபர் கிளைகளையோ வைக்கோலையோ பரப்புவார்கள். அதன்மேல் ஊறலைக் கொட்டுவார்கள். சாறு கிளைகளுக்கு இடையே ஊர்ந்து இறங்கி, ஒரு முனையில் உள்ள துளை வழியாக வெளியே வரும். நான் தேநீராக்கிக் குப்பையில் போட்ட கிளைதான் அங்கே சல்லடை! மணம் வருவது சரி. ஆனால், கிளையின் முதல் வேலை தானியத்தைத் தூக்கிப் பிடித்து, சாறு போக வழி விடுவது.

இரண்டாம் முறை மரத்தடி கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. அடியில் குழாய் வைத்த அதே வாளியை எடுத்தேன். மெருகு பூசாத நான்கு மரக்குச்சிகளை வாளியின் அகலத்துக்கு வெட்டி, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நெருக்கி மாட்டினேன். ஜூனிபர் கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, தடித்த தண்டுகளைக் கீழேயும் இலை மண்டிய நுனிகளை மேலேயும் வைத்தேன். முதல் வரிசைக்குக் குறுக்காக இரண்டாவது வரிசை. காக்கை கூடு கட்டுவதைப்போல இருந்தது. மேலே கொதிநீர் ஊற்றியதும் அறை முழுக்கப் பிசின் வாசனையும் எலுமிச்சைத் தோல் வாசனையும் கலந்து எழுந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜூனிபர் என்று பெயர் உள்ள எல்லாச் செடியும் உணவுக்கு ஆகாது. சபீனா என்ற இனம் நஞ்சு. வேண்டியது கம்யூனிஸ் என்ற பொது இனம். அதன் இலைகள் ஊசிபோல் கூர்மையாக, மூன்று மூன்றாகச் சேர்ந்து தண்டைச் சுற்றி நிற்கும். ஒவ்வோர் ஊசியின் உட்புறத்திலும் ஒற்றை வெள்ளைக் கோடு ஓடும். வளர்ந்த சபீனாவின் இலைகள் செதில்போல் தண்டோடு ஒட்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் வைக்கோலைப் போடுங்கள், ஃபின்லாந்துக்காரர்களே போடுகிறார்கள். வேலியோரம் அழகுக்கு வளர்ப்பவற்றில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

இம்முறை பார்லி நாலரைக் கிலோ, ரை அரைக் கிலோ. 60 டிகிரி வெந்நீர் 6 லிட்டர் ஊற்றிக் கிளறியதும் ஊறல் 50-இல் நின்றது. அரை மணி நேரம் கழித்து, கொதித்து அடங்கிய நீர் 4 லிட்டர், 64-க்கு ஏறியது. அங்கே ஒரு மணி நேரம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் நொதிகள் துடிப்பாக வேலை செய்யும் இடம் அது. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு அயோடின் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் நீலம் தெரிந்தது. இன்னும் 20 நிமிடம் விட்டதும் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே நின்றுவிட்டது. மாவு தீர்ந்தது என்று பொருள். கடைசியாகக் கொதிநீர் 3 லிட்டர், 69 டிகிரி, அரை மணி நேரம். சாற்றைக் கொதிக்கவைக்கப் போவதில்லை என்பதால் இந்தக் கடைசி அரை மணியை நான் குறைப்பதே இல்லை. கிருமிகள் பெரும்பாலும் சாவது இங்கேதான்.

ஊறலைக் கூட்டின்மேல் மெல்லச் சாய்த்து, கால் மணி நேரம் அசையாமல் விட்டேன். குழாயைக் கால்வாசி திறந்தேன். முதலில் கலங்கலாக வந்தது. அந்த ஒரு லிட்டரைத் திரும்பவும் மேலே ஊற்றினேன். பிறகு பென்சில் கனத்தில் ஒரு தாரை விழ ஆரம்பித்தது. கலங்கல் மெதுவாகத் தெளிந்து, செம்பழுப்பாக, மறுபக்கத்து விரல் தெரியும் அளவுக்கு ஆனது. நிற்கவில்லை. நின்றுவிடுமோ என்று நான்தான் முக்கால் மணி நேரம் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கொஞ்சம் வெந்நீர் தெளித்து மீதியையும் கழுவி எடுத்தபோது 10 லிட்டர் தேறியது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.082 காட்டியது (வெறும் தண்ணீர் 1.000; நொதித்துச் சர்க்கரை குறையக் குறைய எண்ணும் இறங்கும்).

ரொட்டி ஈஸ்ட்டைப் போட்டு 20 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலை மூடியைத் திறக்காமலே பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது. அதற்குக் காரணம் நொதிக்கும்போது உருவாகும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற மணச்சேர்மம். வாழைப்பழத்தின் மணத்திலும் அதற்குத்தான் முதல் பங்கு. மூன்றாம் நாள் குளிரில் வைத்தேன், பத்தாம் நாள் குடித்தேன். 1.024-இல் நின்றிருந்தது, அதாவது மதுச்சத்து ஏழரை சதவீதம். கொதிக்காததால் புரதம் முழுக்க உள்ளேயே இருக்கிறது. அதனால் பீர் கனமாக, வழவழப்பாக, கிட்டத்தட்ட பழச்சாறு மாதிரி வாயை நிறைக்கிறது. வாயு அநேகமாக இல்லை, நுரையும் இல்லை. பீர் என்று சொல்லாமல் கொடுத்தால் பலர் பீர் என்று நம்பமாட்டார்கள். எனக்கு இரண்டாவது டம்ளரில்தான் பிடித்தது.

கொதிக்காவிட்டால் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வருமே என்று வீட்டில் வடிக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. நானும் பயந்தேன். வெளிறிய மால்ட்டில் ஒரு கந்தகச் சேர்மம் இருக்கிறது. கடும் சூட்டில்தான் அது அந்த நாற்றமாக மாறும். தொடர்ந்து கொதிக்கும்போது ஆவியோடு வெளியேறும். 70 டிகிரியைத் தாண்டாத சாற்றில் அந்த மாற்றம் பெரிதாக நடப்பதில்லை. எரிக்காத விறகில் புகை ஏது?

கெட்டுப்போவதில்தான் சிக்கல். நான்கு பாட்டில்களைக் குளிர்பெட்டியில் இடமில்லாமல் அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். 19-ஆம் நாள் இரவு ஒரு சத்தம். ஒரு பாட்டிலின் மூடி பறந்து கூரையில் பட்டிருந்தது. அலமாரி முழுக்கப் புளித்த நுரை. மற்ற மூன்றையும் தடித்த துணியால் சுற்றித் திறந்தேன். எல்லாம் புளிப்பு. கொதியும் இல்லை, காக்க ஹாப்ஸும் இல்லை என்றால் அமில பாக்டீரியாவுக்கு அது திறந்த வீடு. சஹ்தியைக் கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று நாள் பார்த்து வடித்து, கூட்டமாகக் கூடிக் குடித்துத் தீர்த்தார்கள் என்று படித்தபோது அதை வெறும் கொண்டாட்டம் என்று நினைத்திருந்தேன். வைத்திருக்க முடியாத பீருக்கு விருந்தினர் தேவை.

அடுத்தது கெப்தினிஸ், லித்துவேனியாவின் சுட்ட பீர். இதில் ஊறலையே ரொட்டிபோல் அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். படித்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. அவசரத்தில் மால்ட் மாவைப் பிசைந்து, நேராக ரொட்டி சுடும் அடுப்பில் வைத்துவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து அருமையான பிஸ்கட் வந்தது. அதை வெந்நீரில் கரைத்து அயோடின் விட்டேன், மசிபோல் கருநீலம். மெல்லிய தட்டில் பரப்பிய மாவு சட்டென்று சூடேறி, நொதிகள் வேலையைத் தொடங்குமுன்னே செத்துவிட்டன. எஞ்சியது மாவுச்சத்து மட்டும். ஈஸ்ட்டுக்கு அது கல்லைப் போட்டமாதிரி. முதலில் ஊறல், பிறகு சூளை. இந்த வரிசையை மாற்ற முடியாது.

மறுமுறை 3 கிலோ பார்லி மால்ட்டை 6 லிட்டர் நீரில் கெட்டியாகக் கரைத்து, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் போர்த்தி வைத்தேன். அயோடின் சரி என்றதும் ஆழமான இரண்டு தட்டுகளில் நிரப்பி, 180 டிகிரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வீடெல்லாம் ரொட்டி வாசனை. இரண்டாவது மணியில் அது பேரீச்சம்பழ வாசனையாக மாறியது. மூன்றாவது மணி முடியும்போது தட்டின் ஓரங்கள் கறுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தன. நடுவே கரண்டியை விட்டால் இன்னும் ஈரம். விளிம்பிலிருந்து உள்ளே போகப்போக கறுப்பு, அரக்கு, தேன்நிறம், வெளிர் மஞ்சள் என்று வளையம் வளையமாக நிறம் இறங்கியது. ஒரு கறுத்த துண்டை உடைத்து வாயில் போட்டேன். கருகிய சர்க்கரைப்பாகின் கசப்பும் இனிப்பும். பாளங்களை உடைத்து வாளியில், அதே ஜூனிபர் கூட்டின்மேல் போட்டு வெந்நீர் ஊற்றியபோது 'சுர்' என்று ஒலி எழுந்தது.

போட்டது முழுக்க வெளிறிய மால்ட். வந்த சாறு கரும்பழுப்பு. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து செய்யும் மாயார்டு வினையின் வேலை அது. ரொட்டியின் மேல்தோலைச் சிவக்கவைப்பதும் அதுவே. ஹாப்ஸைத் தனியாகத் தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தக் கசாயத்தை மட்டும் சேர்த்தேன். அந்த ஊர்ப் பண்ணைகளில் அதுதான் வழக்கம். 1.052-இல் தொடங்கி 1.018-இல் நின்றது. நாலரை சதவீதம். இந்த வரிசையில் எதை மறுபடி செய்வாய் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இதைச் சொல்வேன். வறுத்த மால்ட் போட்ட கறுப்பு பீர்களில் வரும் காப்பிக் கசப்பு இதில் இல்லை; ரொட்டியின் கருகிய ஓரத்தைக் குடிப்பதுபோல் இருக்கும்.

போலந்தின் குரோஜிஸ்கியே பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாம் சரியாக நடந்துவிட்டது. ஓக் விறகின் புகையில் உலர்த்திய கோதுமை மால்ட் மட்டும். வேறு தானியமே இல்லை. கோதுமைக்கும் உமி இல்லை. ஒரு முறை சூடுபட்டவன் என்பதால் அரைக் கிலோ நெல் உமியைக் கழுவி ஊறலில் கலந்துவிட்டேன். குழாய் ஒழுங்காக ஓடியது. மூன்று சதவீதத்துக்கும் குறைவான மதுச்சத்து, வைக்கோல் நிறம், நாக்கைக் கிள்ளும் வாயு. வாயுவுக்காக பாட்டிலில் லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை சேர்த்தேன். கூரையில் பட்ட மூடி நினைவில் இருந்ததால் ஷாம்பெயின் பாட்டில்களில் மட்டுமே அடைத்தேன். குரோஜிஸ்க் வியெல்கோபோல்ஸ்கி என்ற சிற்றூரின் பீர் இது. அங்கிருந்த கடைசி ஆலை 1993-இல் மூடப்பட்டது. 2015-இல் மறுபடி திறந்தது. நடுவில் இருந்த 22 ஆண்டுகளில் இந்த பீரை உயிரோடு வைத்ததில் வீட்டில் வடிப்பவர்களின் வாளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கோஸேயும் அப்படிச் செத்துப் பிழைத்ததுதான். ஜெர்மனியின் கோஸ்லார் நகரில் பிறந்து, லைப்சிக் நகரம் தத்தெடுத்துக்கொண்ட புளிப்பு பீர். கோதுமை, கொத்தமல்லி விதை, உப்பு. 1966-இல் கடைசி ஆலையும் நின்று, 1986-இல் ஒரு மதுக்கடைக்காரரின் பிடிவாதத்தால் மீண்டது. பழைய கோஸே பாட்டிலுக்குக் கழுத்து மிக நீளம், மூடி கிடையாது. நொதிக்கும்போது கழுத்தில் ஏறி நிற்கும் ஈஸ்ட்டே அடைப்பானாகிவிடும். அந்த பாட்டில் என்னிடம் இல்லை. நான் செய்த தவறும் பாட்டிலில் இல்லை, கரண்டியில். கல் உப்புக்குச் சொன்ன கரண்டிக் கணக்கைத் தூள் உப்புக்குப் போட்டேன். தூள் உப்பு ஒரே கரண்டியில் அதிக எடை பிடிக்கும். 10 லிட்டருக்கு 8 கிராம் போதும் என்ற இடத்தில் 18 கிராம் போய்விட்டது. தாகத்துக்குக் குடித்தால் தாகம் எடுக்கிறது. அன்றுமுதல் உப்புக்கும் தராசுதான்.

இப்போது வாளியில் இருப்பது நார்வேக்காரர்களின் காய்ச்சாத பீர். சஹ்தியின் கணக்குதான், ஈஸ்ட் மட்டும் வேறு. வோஸ் பகுதியின் கிவெய்க். பண்ணைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த ஈஸ்ட் இது. கண்ணி கண்ணியாகச் செதுக்கிக் கோத்த மரவளையத்தை நொதிக்கும் பீரில் தோய்த்து, தொங்கவிட்டு உலர்த்தி, அடுத்த வடிப்புக்கு எடுத்து வைப்பார்கள். மற்ற ஈஸ்ட்கள் 20 டிகிரி கேட்கும்போது இது 38 டிகிரியில் குதூகலிக்கிறது. வெயில் நாட்களில் வாளியைக் குளிர்விக்கத் திண்டாடியவனுக்கு இது வரம்.

ஈஸ்ட் போடும்போது வாளியைப் பார்த்து உரக்கக் கத்தவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கிளையை வாசனை என்று நினைத்து ஏமாந்தவன் நான். இனி எந்தச் சடங்கையும் காரணம் தெரியாமல் விடுவதாக இல்லை. 37 டிகிரியில் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு வயிற்றிலிருந்து கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "எல்லாம் சௌகரியம்தானே?" என்று கேட்டார். வாளியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மூன்றரை மணி நேரத்தில் மூடி அதிர ஆரம்பித்தது. இரண்டாம் நாள் மாலைக்குள் எல்லாம் அடங்கி, ஆரஞ்சுத் தோல் வாசனை நின்றிருந்தது. அடியில் படிந்த ஈஸ்ட்டைக் காகிதத்தில் மெல்லிதாகத் தடவி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்திருக்கிறேன். ஓரங்கள் சுருண்டு செதில் செதிலாக எழத் தொடங்கிவிட்டன. நாளை பொட்டலம் கட்டித் தேதி எழுதவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், குளிர்பெட்டியில்.